கோவலன் கண்ட மதுரை

ஜொகூரிலிருந்து முதன்முறை சென்னைக்குச் செல்லும் நம் மாணவர் கண்ணில் முதலில் படுபவை கடைப் பலகைகள். சிலப்பதிகாரத்தின் 14ஆம் காதையாகிய ஊர்காண் காதையில், புகார் வணிகனாகிய கோவலன் மதுரையைத் தனியே சுற்றி வருகிறான். கணிகையர் வீதி பலரும் பேசியது. நாம் கருதத்தக்கது அங்காடிப் பகுதி. வயிரத்தின் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை எனப் பெயர்சுட்டிக் கூறப்படுகின்றன. காகபாதம் என்பது காக்கையின் காலடி போன்ற கீறல். பொற்கடை வீதியிலோ சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் மயங்காவண்ணம் கொடிகள் காட்டுகின்றன. இவை வணிகரின் தொழிற்சொற்கள். ஆகவே இளங்கோவடிகள் நகரைக் கோவலனின் கண்வழியே காட்டுகிறார் என்பது எம் துணிபு. பொன்னின் வகையறிந்த அக்கண், 16ஆம் காதையில் சிலம்பு விற்கச் சென்ற வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனை இனங்காணவில்லை.