எட்டாத தரை

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிரின்சஸ் லூயிசா என்றொரு கடல் இடுக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் கருங்கல் மலைகள் செங்குத்தாக நிற்க, நடுவில் குளம்போல் நீர். சாலை கிடையாது, படகிலோ கடல் விமானத்திலோதான் போக முடியும். வாசல் மிகக் குறுகல். மாலிபு என்று பெயர். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் அங்கே தண்ணீர் 9 நாட் (மணிக்கு 9 கடல் மைல்) வேகம்வரை பாயும். பாய்மரப் படகின் எஞ்சின் ஆறேழு நாட் வேகத்துக்கே மூச்சு வாங்கும் என்பதால், ஓதம் திரும்பும் சில நிமிட அமைதிக்காக வெளியே காத்திருந்துதான் நுழைய வேண்டும். 1792-இல் இந்தப் பக்கத்துக் கரைகளை அளந்துகொண்டு வந்த ஜார்ஜ் வான்கூவர் உள்ளே நுழையவே இல்லை.

நுழைந்துவிட்டால் அலை இல்லை, காற்றும் அடங்கிவிடும். அப்போதுதான் சிக்கல் தெரியும்: நங்கூரத்தை எங்கே போடுவது? மலைச்சுவர் நீருக்கடியிலும் அப்படியே இறங்கிக்கொண்டு போகிறது. நடுவில் ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும். பனியுகத்தில் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளம் இது. பிறகு கடல் வந்து நிரப்பியது.

நங்கூரம் தன் எடையால்தான் படகை நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்து டன் படகின் நங்கூரம் இருபது, இருபத்தைந்து கிலோதான் இருக்கும். வித்தை எடையில் இல்லை, இழுக்கும் திசையில் இருக்கிறது. தரையோடு படுக்கையாக இழுத்தால் நங்கூரத்தின் அலகு சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகும். மேல்நோக்கி இழுத்தால் முளைக்கீரையைப் பிடுங்குவதுபோல வந்துவிடும். நீர்மச் சுழிப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. டெய்லர் பாய்மரப் படகுப் பிரியர். அவர் கலப்பைக் கொழு வடிவில் ஒரு நங்கூரம் செய்து 1933-இல் காப்புரிமை பெற்றார். ‘செக்யூர்’ என்று காதில் விழும்படி அதற்கு சி.க்யூ.ஆர். என்று பெயர்.

இழுவை படுக்கையாக இருக்கவேண்டுமென்றால் சங்கிலி தாராளமாக இருக்கவேண்டும். பத்து மீட்டர் ஆழம், 10 மி.மீ. சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். நீருக்குள் அதன் எடை மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. 30 மீட்டர் விட்டால் 80 கிலோ இழுவையிலேயே முழுச் சங்கிலியும் தரையை விட்டு எழும்பிவிடும். 50 மீட்டர் விட்டால் அதற்கு 240 கிலோ வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சங்கிலியில் கஞ்சத்தனம் எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

ஓதம் இந்தக் கணக்கையும் கலைத்துவிடும். மாலையில், நீர் வற்றியிருக்கும்போது, ஆறு மீட்டர் ஆழத்தில் ஐந்து மடங்காக 30 மீட்டர் விட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம். விடிவதற்குள் நீர் நாலு மீட்டர் ஏறினால் அது மூன்று மடங்குதான். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பிரிட்டிஷ் கொலம்பியக் கரையில் நாலைந்து மீட்டர் சாதாரணம்.

அதற்காக இஷ்டத்துக்குச் சங்கிலி விடவும் முடியாது. காற்று திரும்பினால் படகு வட்டமடித்துப் பாறையில் போய் மோதும். அதனால் அந்தக் கரைகளில் வேறொரு வழக்கம் உண்டு. சரிவில் நங்கூரத்தைப் போட்டு, படகைக் கரைப்பக்கம் பின்னோக்கி ஓட்டி, ஒருவர் சிறு துடுப்புப் படகில் கயிற்றைக் கொண்டுபோய் மரத்தைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவருவார். இரண்டு நுனியும் படகிலேயே இருப்பதால், காலையில் ஒன்றை அவிழ்த்து மற்றதை இழுத்தால் போதும். கரையேறத் தேவையில்லை. கயிறு நங்கூரத்தை மேட்டுப்பக்கமாகவே இழுக்க வைக்கிறது. மேட்டை நோக்கி இழுத்தால் அலகு ஆழப் புதையும், பள்ளத்தை நோக்கி இழுத்தால் கழன்றுவிடும்.

இடுக்கின் கோடியில் சேட்டர்பாக்ஸ் அருவி. ‘வாயாடி’ என்று பொருள், பொருத்தமான பெயர்தான். அது அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மணலும் சரளையும் கீழே ஒரு மேடையாகப் படிந்திருக்கிறது. அங்கே நங்கூரத்துக்குத் தரை எட்டும். அருவி நீரின் ஓட்டம் படகுகளின் அணியத்தை, அதாவது முன்முனையை, தன் பக்கமே திருப்பி வைத்திருக்கும்.

நங்கூரம் பிடித்ததா என்று பார்க்க, எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்துவிட்டுச் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். சேற்றில் புதைந்திருந்தால் சங்கிலி விறைத்து அசையாமல் நிற்கும். கல்லில் உரசிக்கொண்டு வந்தால் கடகடவென்ற அதிர்வு கையில் ஏறும். அந்தக் காலத்தில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடிக்குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே வரும்போது ஒட்டியிருப்பது மணலா, சிப்பியா, சேறா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கீழே வெறும் பாறை, வேறிடம் தேட வேண்டியதுதான்.

இரவில் மலையுச்சியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் வழிந்து வரும். படகு சற்றே பின்வாங்கும். கோடைக்கால இருட்டில், நீரில் ஒளிரும் நுண்ணுயிர்கள் இருந்தால், அணியத்தில் குனிந்து பார்க்கலாம். சங்கிலி அசைகிற இடமெல்லாம் பச்சையாக மினுக்கும். படகு இழுக்கும்போது அந்தக் கோடு நீளும். காற்று விட்டதும் மங்கி, மறுபடி இருட்டாகிவிடும்.