உங்களுக்குத் தெரியுமா? சித்திரத் தொடரில் ஒரு சோக காவியம்

எட்கார் ஆலன் போ என்னும் அமெரிக்கக் கவிஞர் 1845-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ரேவன்’ என்ற சோகக் கவிதை, ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் சித்திர ஹாஸ்யத் தொடரின் 1990 அக்டோபர் மாதத்து விசேஷப் பகுதியில், பெரும்பாலும் கவியின் சொந்த வரிகளாகவே, நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் கம்பீரமான குரலில் ஒலித்தது. காதலியைப் பறிகொடுத்து ஏங்கும் நாயகனாகத் தொடரின் பாத்திரமான ஹோமரும், அவனை வதைக்க வரும் அண்டங்காக்கையாக அவன் புதல்வன் பார்ட்டும் தோன்ற, மறைந்த காதலி லெனோராக ஹோமரின் மனைவி மார்ஜ் சுவர்ச் சித்திரத்தில் காட்சி தருகிறாள்; அவளுடைய நெடிய நீலக் கொண்டை ஒரு சட்டத்துக்குள் அடங்காமையால், மேலே இன்னொரு சட்டம் மாட்டி அதைப் பூர்த்தி செய்திருக்கும் நுட்பம் கவனிக்கத்தக்கது. பரிகாசமே பிரதானமான ஒரு தொடர், மூலத்தின் சந்தத்தை இத்தனை சிரத்தையோடு போற்றியது அபூர்வமே. இக்கவிதைக் காட்சியின் ஆசிரியர்களாகச் சாம் சைமனுடன் போவின் பெயரும் திரையில் பொறிக்கப்பட்டது.