பெற்றோல் மானியின் முள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரி இரவு, காய்ச்சலால் நினைவு தளர்ந்த மாணவன் ஒருவனை எனது 1956ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்க் காரில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டேன். பெற்றோல் மானியின் முள் நிறைவைக் காட்டிற்று. பாதி வழியில், ஆளரவமற்ற தெருவில் கார் நின்றுவிட்டது. தாங்கியில் ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லை. அவ்வழியே வந்த லொறிக்காரர் ஒருவரின் தயவால் பையன் உயிர் தப்பினான்.

வெறுந்தாங்கியை நிறைந்தது என்று அம்முள் ஏன் கூறிற்று? மானியினுள்ளே இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்று முள்ளை வெறுமைப் பக்கமும், மற்றது நிறைவுப் பக்கமும் இழுக்கும். தாங்கியினுள்ளே ஒரு மிதவை உண்டு. பெற்றோல் குறைந்து மிதவை தாழும்போது அதனுடன் இணைந்த மின்தடையும் குறையும். நிறைவுச் சுருளுக்குச் செல்லவேண்டிய மின்னோட்டம் தாங்கியின் வழியே காரின் உடலுக்குச் சென்றுவிடும். ஆகவே முள் வெறுமைக்குச் சாயும். தாங்கிக்குச் செல்லும் கம்பி அறுந்தால் அவ்வழி அடைபடும்; முள் நிறைவிலேயே நிற்கும். என் காரில் நிகழ்ந்தது இதுவே.

இத்தகைய பழுது நேர்ந்தால் உடனே புதிய மானி வாங்க முற்படவேண்டாம். முதலில், சாவியைத் திருப்பியதும் மானிக்கு மின்சாரம் வருகின்றதா, உருகி நன்றாயிருக்கின்றதா என்று பாருங்கள். அடுத்து, மானியின் பின்புறத்தில் 'ரி' என்னும் முனையிலிருந்து தாங்கிக் கம்பியைக் கழற்றுங்கள். முள் நிறைவுக்கு ஏறவேண்டும். அம்முனையை வேறொரு கம்பியால் காரின் துருவற்ற இரும்புடலுடன் தொடுங்கள். முள் வெறுமைக்கு இறங்கவேண்டும். இரண்டிற்கும் முள் இணங்கினால் மானி குற்றமற்றது.

அதன்பின் கம்பியையும் தாங்கியையும் ஆராய்க. எப்போதும் நிறைவைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது துருவினால் தாங்கிக்கும் காரின் உடலுக்குமுள்ள தொடர்பு கெட்டிருக்கலாம். எப்போதும் வெறுமையைக் காட்டினால் கம்பியின் உறை தேய்ந்து உடலில் முட்டியிருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி அமிழ்ந்திருக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பற்றரியின் மின்சாரத்தைத் தாங்கியின் கருவிக்கு நேரே கொடுத்தல் ஆகாது. தாங்கியைத் திறக்குமுன் பற்றரித் தொடுப்பைக் கழற்றிவிடுங்கள், நெருப்பு அண்டக்கூடாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். 1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பல கார்களில், சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல மெல்ல ஏறும். அம்மானி வேறு வகையானது. இச்சோதனை அதற்குப் பொருந்தாது.

அறுந்த கம்பியை மாற்றினேன். முள் மீண்டும் உண்மை பேசிற்று. ஆயினும், பெற்றோல் நிரப்பும்போதெல்லாம் ஓடிய மைல்களைக் கொப்பி ஒன்றிற் குறித்துவைக்கிறேன். நெடுந்தூரம் ஓடிய பின்னும் முள் நிறைவிலேயே நின்றால், இப்பொழுது நான் மகிழ்வதில்லை. காரை நிறுத்திப் பார்க்கிறேன்.