பாலராமபுரத்துத் தெருப்பாவு

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்தில், சாலியர் தெருவுக்குள் நுழைந்தால் காதில் விழுவது தமிழ். இவர்களின் முன்னோர் நாகர்கோவில், வள்ளியூர் பக்கத்து நெசவாளர்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், அரண்மனைக்கு நயம் துணி நெய்யக் குடியமர்த்தப்பட்டார்கள். மன்னர் பெயரைத் தாங்கிய இந்த ஊரை வணிகத் தலமாக வளர்த்தவர் திவான் உம்மிணித் தம்பி. பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்தையும் அவர் மேம்படுத்தினார்.

அது நெருக்கடிக் காலம். 1805 உடன்படிக்கைப்படி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டவேண்டியிருந்தது. பாக்கி ஏறியது, 1809-இல் முந்தைய திவான் வேலுத்தம்பியின் கலகமும் ஒடுக்கப்பட்டது. புதிய வணிக ஊரை எழுப்பிய முயற்சியை இந்தச் சுமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று தறிகள் பெருகின. விடிகாலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் நீவிக் காயவைப்பார்கள். பிறகு குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்து நெய்யும் இந்த முறையில், கரையும் கசவு எனும் சரிகையும் துணியின் இரு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். வல்லவர் கைக்கே வசப்படும் வேலை அது.

1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவுடனும் கொச்சியுடனும் திருவிதாங்கூர் செய்த வணிக ஒப்பந்தம் எல்லைச் சுங்கத்தை ஏறக்குறைய அகற்றியது. அதன்பின் அன்றாட உடுதுணியில் ஆலைத் துணி இடம்பிடித்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும் உரிய கசவு முண்டு பாலராமபுரத்திடம் தங்கியது.

அதை உடுத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா என்றால், இல்லை. மேலாடை உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடிய மண் இது. சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் நெருக்கியதால் 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைகூட, அவர்களுக்கு ரவிக்கையையோ முரட்டுத் துணியையோதான் அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தும் உரிமையைத் தரவில்லை. கைத்தறியின் பெருமையைப் பேசும்போது இந்த அநீதியை மறைத்துவிடக் கூடாது.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்குத் தெற்கே விழுந்த கோடு, தமிழ் பேசும் நெசவாளரை அவர்களின் பூர்விக ஊர்களிலிருந்து பிரித்தது. பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகும், அந்தப் பெயரில் விசைத்தறித் துணி விற்கப்படுகிறது. வாங்குபவர்கள் கரையைத் திருப்பிப் பார்த்து, எந்தத் தறியில் நெய்தது என்று கடைக்காரரிடம் கேட்கவேண்டும்.