பலர் திருத்தும் ஏடு



ஒருவர் எழுதியதை ஊரார் கூடித் திருத்தலாமா என்று கேட்டால் நம்மிற் பெரும்பாலோர் தயங்குவர். எழுத்து கற்றவர் கையிற் பிறந்து கற்றவர் கையாலேயே சீர்பெற வேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். நான் வாழும் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றித் தான் அமைத்த குடைவரையைப் பற்றி முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்து வைத்தான். அரசன் ஒருவனின் சொல் அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதைத் திருத்த எவருக்கும் இடமில்லை. இன்றோ, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்னும் ஏடு ஒன்று தமிழில் வழங்குகிறது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையே குறிப்பிடுகிறேன். கதவில்லாத வீடு போன்ற அவ்வேடு எங்ஙனம் குப்பைமேடாகாமல் இருக்கிறது?

‘பலர் பார்ப்பதால் பிழை மறைகிறது’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மையே. பள்ளியில் சொல்வதெழுதுதல் முடிந்ததும் பிள்ளைகள் ஏடுகளை மாற்றிக்கொண்டு திருத்துவது வழக்கம். பக்கத்தில் இருப்பவனிடம் ஏட்டைக் கொடுத்தால், தோழன் பிழையைத் தோழன் காணமாட்டான். பகைவன் ஏட்டிலோ புள்ளியும் பிழையாகிவிடும். ஆகவே வரிசை மாற்றிக் கொடுப்போம். திருத்தியவன் தன் பெயரை அடியில் எழுத வேண்டும். பின்னர் ஆசிரியர் பத்து ஏடுகளை எடுத்து, திருத்திய திருத்தத்தையே திருத்துவார். பிள்ளைகள் அதே நாற்பது பேர்தாம். முறை மாறியவுடன் திருத்தத்தின் தரமும் மாறிவிடும்.

இந்த நுட்பத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உத்திரமேரூர்ச் சபையார் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டில், வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை வகுத்தனர். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இவற்றினும் என்னைக் கவர்வது மற்றொன்று. இரண்டே ஆண்டுகளில், 921இல், சபையார் தம் விதியையே மீண்டும் எடுத்துத் திருத்தினர். முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயதெல்லை முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியது. இவ்விரண்டு கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. எனினும் இதனை மக்களாட்சி என்று மிகைப்படப் புகழ்வோருடன் நான் உடன்படுவதில்லை. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. உழுத கைகளுக்கு அங்கே ஓலை இல்லை.

விக்கிப்பீடியாவில் நிலமும் கேட்பதில்லை, பட்டமும் கேட்பதில்லை. அங்கே காவல் வேறு வகையில் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்றொரு பக்கம் உண்டு. எந்த நாளில், எந்த நேரத்தில், எவர் எச்சொல்லை மாற்றினார் என்பது முழுவதும் அதில் பதிவாகும். ஒருவர் அரைமணி நேரம் முயன்று ஒரு பக்கத்தைக் கெடுத்தாலும், மற்றொருவர் ஒரே நொடியில் பழைய வடிவத்தை மீட்டுவிடலாம். கெடுப்பதைவிடச் சீர்செய்வது எளிதாக இருப்பதே அவ்வேட்டின் உயிர்நிலை என்பேன். நம் தெருச் சுவர்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. கரியால் கிறுக்க ஒரு நிமிடம், சுண்ணாம்பு அடிக்க ஒரு நாள்.

கருத்து வேறுபட்டால் கட்டுரைக்குரிய ‘பேச்சு’ப் பக்கத்தில் வாதிடலாம், எழுதியவர் அடியில் ஒப்பமிட்டால் பெயரும் நேரமும் விழும். பொதுச் செய்திகளைப் பேசுவதற்கான இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். அங்கே கூறப்படும் பொதுநெறி, கட்டுரையைப் பற்றிப் பேசுக, எழுதியவரைப் பற்றிப் பேசற்க என்பதாம். பக்கத்தைப் பூட்டவும் தொல்லை தருவோரைத் தடுக்கவும் நிர்வாகிகள் உளர். அவர்களையும் பயனர்களே ஆதரவு கேட்டுத் தேர்கின்றனர்.

ஆனால் பலர் ஒன்றுகூடிப் பொய்யையே ஆதரித்தால் என்ன செய்வது? எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. 2021இல் அமெரிக்காவில் ட்விட்டர் நிறுவனம் ‘பேர்ட்வாட்ச்’ என்னும் பெயரில் தொடங்கி, 2022இல் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ என மாற்றிய திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. தவறான செய்தியின் கீழ் ஒருவர் திருத்தக் குறிப்பு எழுதலாம். ஆயிரம் பேர் ஆதரித்தாலும் அவர்கள் எப்போதும் ஒரே பக்கம் நிற்பவராயின் அக்குறிப்பு வெளிவராது. வழக்கமாக முரண்படுவோர் இருசாராரும் ‘இது பயனுடையது’ என்று கூறினால்தான் அனைவர் கண்ணிலும் படும். மாமனும் மைத்துனனும் சொல்லும் சாட்சியினும் எதிர்வீட்டுக்காரன் சாட்சிக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் மதிப்பு மிகுதி அல்லவா? குறை என்னவெனில், அந்த உடன்பாடு வருவதற்குள் பொய் பல ஊர்களைச் சுற்றிவந்து விடுகிறது. பல குறிப்புகள் வெளிச்சம் காண்பதே இல்லை.

தமிழுக்குள்ள இடர் வேறு. விக்கிப்பீடியாவின் தமிழ்க் கட்டுரைகள் 2017இல் ஓர் இலட்சத்தைக் கடந்துவிட்டன. தொடர்ந்து காவல் புரியும் கண்களோ அதற்கு ஈடாகப் பெருகவில்லை. பெருநகரைப் பற்றிய கட்டுரையில் விழும் பிழையைப் பலர் காண்பர். ஒரு சிற்றூரின் கட்டுரையில் ஏரியின் பெயரையோ கோயிலின் காலத்தையோ எவரேனும் மாற்றிவிட்டால், அது மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தம் ஒப்படைப்பில் எழுதிவிடுவர்; அதைப் பார்த்து வேறொருவர் நூலில் எழுதுவார்; பின்னர் அந்நூலே கட்டுரைக்குச் சான்றாக வந்து நிற்கும். இவ்வாறு பிழை தனக்குத்தானே சாட்சி சொல்லத் தொடங்கினால் பிடுங்குவது அரிது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யத்தக்கது சிறிதே. கணக்கு ஒன்றைத் தொடங்கி, தம் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, மேலேயுள்ள விண்மீன் குறியைத் தொட்டால், அப்பக்கம் அவருடைய ‘கவனிப்புப் பட்டிய’லில் சேரும். பிறகு எவர் அதில் கைவைத்தாலும் பட்டியலைத் திறந்த உடனே தெரிந்துவிடும். ஊருக்கு இருவர் போதும்; அவ்விருவரும் ஒரே வீட்டாராக இராதிருப்பது நலம்.