நகத்தில் ஒளிந்த பென்சில்

1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்றொருவர் காற்றில் அமர்ந்து காட்டினார். தரையிலிருந்து சில அடி உயரத்தில் சம்மணமிட்டிருப்பார். செங்குத்தாக நின்ற மூங்கில் கம்பின் உச்சியில் ஒரு தோல் சுருள்; அதன் மேல் அவர் கை லேசாகப் படிந்திருக்கும். அவ்வளவுதான் பிடிமானம். லண்டனின் ‘சாட்டர்டே மேகசின்’ 1832இல் இதைப் படம் போட்டு வெளியிட்டது. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் உதவியாளர்கள் போர்வையால் மறைத்துக்கொள்வார்கள்.

மூங்கிலுக்குள் இருந்த இரும்புக் கம்பி தோல் சுருள் வழியாகச் சட்டைக் கைக்குள் நுழைந்து, உடைக்குள் மறைந்த இருக்கையைத் தாங்கியது என்பது பின்னாளில் சொல்லப்பட்ட விளக்கம். அப்படியானால் எல்லாம் கம்பியின் வேலைதானா? மறைந்த இருக்கையில் அசையாமல், முகத்தில் சிறு சுளிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருக்க அந்தக் கம்பி சொல்லித்தராது.

டொராண்டோவின் அஜின்கோர்ட்டில் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் மேஜிக் முடிந்ததும் பிள்ளைகள் மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். “அங்கிள், இது ட்ரிக் சாமானா, இல்லாட்டி உங்கட கைவேலையா?” நல்ல கேள்வி. பெரும்பாலும் இரண்டும்தான்.

மனதைப் படிப்பதாகக் காட்டும் கலைஞர்களின் பழைய கருவி ஒன்றைப் பார்ப்போம். கட்டைவிரல் நகத்தில் பொருத்தும் துளிப் பென்சில் முனை அது. கலைஞர் ஒரு அட்டையில் ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்து, பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். பிறகுதான் எதிரில் இருப்பவரிடம், “நீங்கள் நினைத்த எண் என்ன?” என்பார். “முப்பத்தேழு” என்று பதில் வந்த நொடியில் கட்டைவிரல் அட்டையின் மேல் நகரும். அட்டை திரும்பும், 37 அங்கே இருக்கும்.

கருவியின் விலை சொற்பம். ஆனால் அட்டையைப் பார்க்காமல், பேச்சு தடைபடாமல், முழங்கை அசையாமல், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தபடியே எழுத வேண்டும். எழுத்தும் விரல்களால் பென்சில் பிடித்து எழுதியது போலவே இருக்க வேண்டும். ஒருமுறை கண் கீழே தாழ்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வாங்கிய அன்றே மேடையேற்றக்கூடிய கருவி அல்ல இது.

கைத்திறனின் உச்சத்துக்குக் கனடாவிலேயே ஒருவர் உண்டு. 1894இல் ஒட்டாவாவில் பிறந்த டாய் வெர்னன், 1902இல் வெளியான எர்ட்னேஸின் சீட்டுக்கட்டு நூலைச் சிறுவயதிலேயே கரைத்துக் குடித்தவர். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவதாகச் சவால் விட்டிருந்த வித்தைக்காரர் ஹூடினியை 1922இல் சிகாகோவில் சந்தித்தார். ஹூடினி கையெழுத்திட்ட சீட்டை வெர்னன் கட்டுக்குள் செருகுவார். அது மேலே வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை.

ஆனால் எல்லாரும் மேடைக் கலைஞர்களாக வருவதில்லை; வித்தையை அற்புத சக்தி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. 1928இல் டொராண்டோவில் பிறந்த ஜேம்ஸ் ராண்டி, மேடை வித்தைக்காரராக இருந்து போலி அற்புதங்களை அம்பலப்படுத்துபவராக மாறினார். மனசக்தியால் கரண்டி வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர் 1973இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தபோது, நிகழ்ச்சிக் குழுவுக்கு ராண்டி சொன்ன யோசனை எளிமையானது: பொருள்களை நீங்களே கொண்டுவாருங்கள், அவர் தரப்பினரை அவற்றின் அருகே விடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் கேமரா முன் உட்கார்ந்தும் கெல்லரால் எதையும் செய்துகாட்ட முடியவில்லை.

இதே சிந்தனை யாழ்ப்பாணத்துக்கும் அந்நியமல்ல. யாழ் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். உறையிட்டு ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்கலாம், பிறர் மனதில் இருப்பதைச் சொல்லலாம், யோக சக்தியால் காற்றில் மிதக்கலாம். ஏமாற்ற வழியில்லாத நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றைச் செய்தால் போதும். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

மேடையில் நகப் பென்சில் ஏமாற்று ஆகாது. வியக்கத்தான் டிக்கெட் வாங்கி வருகிறோம். அதே பென்சிலை வைத்துக்கொண்டு, துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் “எனக்குச் சக்தி இருக்கிறது” என்று காசு கறப்பதுதான் குற்றம். தாளும் பேனாவும் யாருடையவை என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வர வேண்டும். வித்தை பழகிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும்.

அதனால் அஜின்கோர்ட் பெற்றோர் பிள்ளைக்கு விலையுயர்ந்த மேஜிக் பெட்டி வாங்கும் முன், சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்றைக் கொடுத்துக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கலாம். எர்ட்னேஸின் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உள்ள ஒரு வித்தையாவது கைக்கு வந்த பிறகு பெட்டியை வாங்கலாம்.