நோயுற்ற காலத்துத் தேகப்பயிற்சி

உடலை உறுதி செய்வன பலவற்றுள்ளும் தேகப்பயிற்சி தலைசிறந்தது என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் கல்லூரி மைதானத்தில் வைகறையில் ஓடுவாரும் மாலையில் பந்தாடுவாரும் அவ்வுண்மையை நாடோறும் மெய்ப்பித்து வருகின்றனர். ஆயின், அங்ஙனம் தவறாது பயில்வார்க்கும் ஒருநாள் தும்மலும் இருமலும் வந்துறும்; உடல் கொதிக்கும். அப்போது, ‘இன்று களத்திற் புகுவதா, கட்டிலிற் கிடப்பதா?’ என்னும் ஐயம் எழுகின்றது. ‘ஓடி வியர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும்’ என்பார் ஒருவர். ‘ஒரு தும்மல் வந்தாலும் போர்த்துப் படுத்துக்கொள்’ என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றும் பிழையென்பதும், இவற்றிடையே அறிவிற்கொத்த நெறியொன்று உண்டென்பதும் இக்கட்டுரையாற் காட்டப் புகுகின்றோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் எம் சொந்த அனுபவமே. யாம் முதலாண்டிற் பயின்றபோது, விளையாட்டு விழாவில் நால்வர் ஓடும் தொடரோட்டத்தில், எம் விடுதியின் சார்பில் இறுதிச் சுற்று ஓடும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. விழாவிற்கு முந்திய இரவு காய்ச்சல் கண்டது. உடன் ஓடும் மூவரும் இரண்டு திங்களாக வைகறையில் எழுந்து பயின்றவர்கள். எம்மால் அவர்தம் உழைப்பு வீணாதல் கூடாதென எண்ணினோம். அணித் தலைவனிடம் ஒரு சொல்லும் கூறாது, பாராசிட்டமால் மாத்திரையொன்றை விழுங்கினோம். உடற்சூடு தணிந்தது, நலமுற்றோம் என்றே நம்பினோம். கோல் எம் கைக்கு வந்தபோது எம் அணியே முன்னணியில் இருந்தது. பாதிச் சுற்றில் கால் தளர்ந்தது, கண் இருண்டது, கோல் கையினின்றும் நழுவிற்று. அதன்பின் பத்து நாள் படுக்கையிற் கிடந்தோம். மருத்துவர் இருதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்து, ஊறு யாதுமில்லை என்று கூறும்வரை எம் அன்னையார் சரிவர உண்ணவில்லை. எமக்கு மாற்றாக ஓடவேண்டியவன் அன்று காலணி கட்டி மைதானத்தின் ஓரத்தில் ஆயத்தமாகவே நின்றிருந்தான் என்பதுதான் இன்றளவும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலத்தின் இயல்பு ஆகிய மூன்றையும் ஆராய்ந்து செயற்படுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றார். மருத்துவனுக்கு வகுத்த அந்நெறி, களத்திற் புகலாமா என்று ஐயுறும் மாணவனுக்கும் பொருந்துவதாம். அம்மூன்றனுள் நோயின் அளவை முதற்கண் நோக்குவோம்.

எல்லா நோயும் ஒரு தன்மையவல்ல. அமெரிக்க மருத்துவராகிய ராண்டி ஐக்னர் என்பார் 1993-ஆம் ஆண்டில் எளிய விதியொன்றை எழுதினார். அது கழுத்தை எல்லையாகக் கொண்டது. மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், சிறு தொண்டைக் கரகரப்பு என நோயின் குறிகள் கழுத்திற்கு மேலேயே நின்றுவிடின், மெல்லத் தொடங்கிப் பார்க்கலாம். வழக்கமான வேகத்திற் பாதியளவாகப் பத்து நிமிடம் பயின்று, உடல் தெளிவுற்றால் தொடரலாம்; தலை விண்விண்ணென்று தெறித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மார்பிலிருந்து எழும் இருமல், மூச்சுத் திணறல், உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எனக் குறிகள் கழுத்திற்குக் கீழே இறங்கின் அன்று பயிற்சியே கூடாது. காய்ச்சல் இருப்பின், மற்றைக் குறிகள் எங்கிருப்பினும் ஓய்வே முறை.

இவ்விதியின் முற்பகுதிக்குச் சான்றாக ஓர் ஆராய்ச்சியைக் கூறலாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வெய்ட்னர் என்பாரும் அவர் தோழரும், ஜலதோஷத்தை விளைக்கும் ரைனோவைரஸ் என்னும் கிருமியை இளைஞர் 50 பேர்க்கு, அவர் இசைவு பெற்றே, மூக்கின் வழியாகச் செலுத்தினர். அவருள் 34 பேர் ஒன்றுவிட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமாகப் பயின்றனர். 16 பேர் வாளாவிருந்தனர். 1998-இல் வெளிவந்த முடிவின்படி, இரு சாரார்க்கும் நோயின் கடுமையிலோ அது நீடித்த நாளிலோ வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, எளிய ஜலதோஷத்தின்போது மிதமாகப் பயில்வதனால் பெருங்கேடு இல்லை. அதேபோல், பயின்றவர் விரைவிற் குணமுறவுமில்லை என்பதும் நோக்கத்தக்கது. வியர்வை நோயைக் கழுவிப் போக்கும் என்னும் நம்பிக்கைக்கு இதன்கண் இடமில்லை.

காய்ச்சலின்போது ஓய்வு ஏன் வேண்டும் என்பாரும் உளர். உடல் உழைக்குங்கால் தசைகள் செலவிடும் ஆற்றலுள் நாலில் மூன்று பங்கு வரை வெப்பமாகவே வெளிப்படுகின்றது. நலமுற்ற உடல் அவ்வெப்பத்தை வியர்வையாலும் தோலின்கண் பாயும் குருதியாலும் வெளியேற்றிவிடும். காய்ச்சலிலோ, கிருமியை எதிர்த்தற்பொருட்டு மூளையே உடற்சூட்டை உயர்த்தி வைத்திருக்கின்றது. இருதயமும், சூடு ஒரு செல்சியஸ் டிகிரி ஏறுந்தோறும் நிமிடத்திற்கு ஏறத்தாழப் பத்துத் துடிப்பு மிகையாகத் துடிக்கின்றது. உடல்நீரும் குறைகின்றது. முன்னமே சுமை தாங்கி நிற்கும் மாட்டின்மேல் மற்றுமொரு மூட்டையை ஏற்றுவது போல்வதன்றோ அந்நிலையில் ஓடுவது? மாத்திரை சில மணி நேரம் சூட்டை இறக்கும், கிருமியைக் கொல்லாது. சூடு தணிந்ததைக் கண்டு நோய் தணிந்தது எனக் கொள்வதே யாம் செய்த பிழை.

இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. சில வைரஸ்கள் தொண்டையோடு நில்லாது இருதயத் தசையையும் பற்றும். அதனை இருதயத் தசை அழற்சி என்பர். காக்சாக்கி என்னும் வைரஸ் தாக்கிய எலிகளை நீந்தச் செய்த ஆராய்ச்சியொன்று 1970-இல் வெளிவந்தது. ஓய்ந்திருந்த எலிகளினும் நீந்திய எலிகளின் இருதயத்தில் அவ்வைரஸ் பன்மடங்கு பெருகிற்று. இறந்தனவும் அவற்றுள்ளே மிகுதி. மக்களிடத்தும் இத்தகைய துயரம் நிகழ்ந்துள்ளது. சுவீடன் நாட்டிலே, படமும் திசைகாட்டியும் கொண்டு காடுகளினூடே வழிதேடி ஓடும் விளையாட்டு மிக விருப்பமானது. 1979 முதல் 1992 வரை அவ்விளையாட்டில் ஈடுபட்ட இளைஞருள் 16 பேர் திடீரென மாண்டனர். அவருள் பலருடைய இருதயத்தில் அழற்சியின் அடையாளங்கள் காணப்பட்டன. பின்னர் வீரர்தம் பயிற்சி முறைகளையும், பயிற்சி பற்றிய மனப்பான்மையையும் திருத்த முயன்றனர். அதனையடுத்த மூன்றரை ஆண்டுகளில் அவ்விளைஞரிடையே அத்தகைய மரணம் ஒன்றும் நிகழவில்லை. இத்தகைய அழற்சி அரிதேயாயினும், உற்றபின் மீட்டற்கரிய இழப்பாதலின் கருதத்தக்கது. நோயினூடே மார்வலி, காரணமற்ற படபடப்பு, மயக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவரிடம் உடனே செல்லுதல் வேண்டும்.

இனி, நோயுற்றவன் நிலை. எளிய ஜலதோஷமும் ஆஸ்துமா உடையார்க்கு மூச்சிரைப்பை எழுப்பக்கூடும்; நீரிழிவோ இருதய நோயோ உடையார் தாமே முடிவு செய்யாது மருத்துவர் சொற்படி நடத்தலே நன்று. நம்மைச் சூழ்ந்திருப்பாரையும் கருதல் வேண்டும். ஓர் அறையில் நால்வர் உறங்கும் விடுதியிலும், அனைவரும் ஒரே குவளையில் நீர் பருகும் ஆட்டக்களத்திலும், ஒருவன் இருமல் ஒரு கிழமையில் பலர் இருமலாகும். நமக்குத் தாங்கக்கூடிய நோய் பிறர்க்கும் அங்ஙனம் இருக்கும் என்பதற்கு உறுதி யாது? 2020-ஆம் ஆண்டில் கோவிட் பரவிய காலத்து இவ்வுண்மையை உலகமே கற்றுக்கொண்டது.

மூன்றாவது காலம். நம் நாட்டில் ஐப்பசி கார்த்திகை மழையோடு டெங்கு காய்ச்சலும் பெருகுவதுண்டு. இந்நோயில் காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை நின்று இறங்கும். இறங்கியதும் நலம் வந்ததென மகிழ்ந்து மைதானத்திற்கு விரைதல் பெரும் பிழை. சிலர்க்கு, காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளிலேதான் குருதிக் குழாய்களினின்று நீர் கசிவதும், குருதி உறையத் துணைசெய்யும் தட்டணுக்கள் குறைவதும் உச்சமடையும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து குருதி கசிதல் ஆகியவை அபாயக் குறிகள். அவை கண்டால் மருத்துவமனைக்குச் செல்லச் சிறிதும் தாழ்த்தலாகாது.

மற்றைக் காய்ச்சல்களிலும், மாத்திரையின் துணையின்றி ஒரு முழுநாளேனும் உடல் தணிந்திருந்து, உணவும் உறக்கமும் முன்போல் அமைந்த பின்னரே பயிற்சியை எண்ணலாம். முதல் நாள் நடை. அடுத்து வழக்கத்திற் பாதி. பின்னர்ப் படிப்படியாக முழுமை. காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பை எண்ணும் பழக்கம் உடையார்க்கு மற்றுமோர் உதவியுண்டு. தம் வழக்கத்தினும் அது மிக்கிருக்குமாயின் உடல் இன்னும் தேறவில்லை என அறிந்துகொள்ளலாம்.

ஓய்ந்திருந்தால் இதுகாறும் ஈட்டிய வலிமை கரைந்துவிடுமே என்று சிலர் அஞ்சுவர். சில நாள் ஓய்வினால் குறைவது மிகச் சிறிது; குறைந்ததனையும் விரைவில் மீட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் ஓய்வைப் பொறாத யாம் பத்து நாளை இழந்தமை மேலே கூறினோம்.

உண்மையில், மாணவரை நோயோடு களத்திற்கு இழுப்பது அறியாமை மட்டுமன்று, நாணமும் ஆகும். ‘காய்ச்சலென்று சொன்னால் கோழை என்பரோ, அணியைக் கைவிட்டான் என்பரோ’ என்னும் அச்சமே எம் வாயை அன்று அடைத்தது. சென்ற ஆண்டு அதே தொடரோட்டத்திற்கு முதல்நாள், எம் அறைத்தோழன் ஒருவன் தலைவனிடம் நேரே சென்று, “எனக்கு உடம்பு சுடுகிறது, நாளைக்கு வேறொருவனை ஓடச் சொல்” என்றான். மாற்றாக ஓடியவன் அணிக்கு மூன்றாம் இடத்தைத் தேடித் தந்தான். நோயுற்றவனோ ஐந்தாம் நாள் மாலை மைதானத்தில் மெல்ல நடந்துகொண்டிருந்தான். அவனைக் கோழையென்று ஒருவரும் கூறவில்லை.

ஆதலின், தோழர்காள்! மூக்களவில் நிற்கும் நோய்க்கு மெல்லப் பயில்வோம். மார்பில் இறங்கியதற்கும் மெய் சுடுவதற்கும் தயங்காது ஓய்வோம். அணித் தலைவராய் இருப்பார், நோயைச் சொல்ல வருவானை நகையாது வரவேற்பாராக. ஓட்டத்தில் வெல்லுதல் நன்றே. மறு ஆண்டும் ஓடுதற்குரிய உடலோடு இருத்தல் அதனினும் நன்று.